அவருடைய பொக்கெட்டில் என் முகம்

எனக்குக் கோபம் வந்தால் கை வேலை செய்யும், கண் வேலை செய்யாது. இதைக் கல்யாணத்துக்கு முன்பே யாராவது என் கணவரிடம் சொல்லி வைத்திருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. அதனால் ஒரு நாள் காலை, என்னுடைய அடையாள அட்டையை அவருடைய சேர்ட்டுப் பொக்கெட்டில் நானே செருகி, அவரை வேலைக்கு அனுப்பிவிட்டேன். போர்க்காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ் ஆண் தன் அட்டை இல்லாமல் வீதியில் நடந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்காக அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டு அறை அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், செத்தவருடைய அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் என்று எது வந்தாலும் ஒரு புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் மட்டும் தலையில் ஏற்றிய கண்ணாடியை அறை அறையாகத் தேடுவார்.

பயம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது என்று சொன்னால் அது பொய். எதற்குப் பயப்படுவது என்பது மட்டும்தான் பழகியிருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த படிவம் கதவுக்குப் பின்னால் தொங்கும். ஊரிலிருந்து யாராவது வந்து ஒரு இரவு தங்கினாலும் அதில் பெயர் ஏற வேண்டும். ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் நான் பேசிக்கொண்டிருந்த வசனத்தை அப்படியே நிறுத்திவிடுவேன். சத்தம் தாண்டிப் போன பிறகு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மறந்துவிடும்.

பயம் அவருக்கு வேறு வழியாக வந்தது. வீட்டை விட்டு வெளிக்கிடுமுன் அடுப்புக் கேஸ் மூடியாகிவிட்டதா என்று மூன்று தடவை கேட்பார். நான் மூடிவிட்டேன் என்று மூன்று தடவையும் சொல்ல வேண்டும். பிறகு தானே போய்த் தொட்டுப் பார்ப்பார். எனக்கோ தோலில் வந்தது. முழங்கையில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். கத்தரிக்காயை விட்டேன், இறாலை விட்டேன், சவர்க்காரத்தை மாற்றினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஒழுங்கை முகப்பில் இருந்த டிஸ்பென்சரி டாக்டர், "இது சாப்பாட்டால வாறதில்லை, டென்ஷனால வாறது" என்றார். "அதுக்கு என்ன மருந்து, டாக்டர்?" என்று கேட்டேன். "டென்ஷன் ஆகாம இருங்கோ" என்றார். அந்த ஆலோசனைக்கும் அவருக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு தடவை அவர் அட்டையை எடுக்காமல் புறப்பட்டு, ஒழுங்கை முடிவில் நினைவு வந்து ஓடி வந்தார். அன்றுதான் நான் ஒரு ஒழுங்கு போட்டேன். இருவருடைய அட்டைகளும் இனிச் சாமித்தட்டில்தான் இருக்கும். சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, அட்டையை எடுத்தால்தான் வெளியே கால் வைக்கலாம். சாமியை மறந்தாலும் மறப்போம், அட்டையை மறக்கமாட்டோம் என்று அவர் பகிடி விட்டார். ரயில் சீசன் டிக்கெட் வைக்கிற கடும் நீல உறைகள் இரண்டு வாங்கி, ஒன்றில் அவருடையதையும் மற்றதில் என்னுடையதையும் வைத்தேன். மடித்த உறையைத் திறந்தால்தான் உள்ளே இருக்கிற முகம் தெரியும். வேறு வேறு நிறத்தில் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவருடையது வலப்பக்கம், என்னுடையது இடப்பக்கம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

அந்தக் காலைக்கு முந்திய கிழமை நகரத்தில் ஓரிடத்தில் குண்டு வெடித்திருந்தது. வீதிக்கு வீதி செக்கிங். அவர் இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தார். அதனால் எனக்கும் தூக்கமில்லை. விடிய எழும்பினால் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. இரண்டு வாளி நிறைவதற்குள் ஏழு மணியாகிவிட்டது. கழுத்தில் தடிப்பு எழும்பிச் சேலைத் தலைப்புப் பட்ட இடமெல்லாம் எரிந்தது. இந்த நிலையில் அவர் வாசலில் நின்று கேட்டார்.

"இஞ்சேரும், கேஸ் மூடினீரோ?"

"மூடிட்டன்."

"வடிவா மூடினீரோ?"

"ஓமப்பா, மூடிட்டன்."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டே மூன்றாம் முறை, "ஒருக்காப் போய்ப் பாருமன்" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "வீடு எரிஞ்சா எரியட்டும், நீங்கள் முதல்ல வெளிக்கிடுங்கோ" என்று கத்தினேன். சாமித்தட்டுக்குப் போய் ஒரு உறையை எடுத்து வந்து, அவருடைய பொக்கெட்டில் செருகி, மேலால் ஒரு அடியும் அடித்தேன். நெற்றியில் திருநீற்றோடு அவர் என்னைப் பார்த்தார். கோட்டை வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ்; ரயிலுக்குப் போனார். முதல் நாள் தட்டைத் துடைத்தபோது நானே உறைகளைத் தூக்கி இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும். எடுக்கும்போது திறந்து பார்க்க ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடி எனக்கு இருக்கவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து நான் தட்டிலிருந்த மற்ற உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்க வேண்டும், ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் பக்கம் ஒரு பொலிஸ்காரி நின்றாள். என் முறை வந்தபோது உறையை நீட்டினேன். அவள் திறந்தாள். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"மே கவுத?" என்று கேட்டாள். இது யார் என்றாள்.

எட்டிப் பார்த்தேன். மீசை முளைத்தும் முளைக்காத பதினெட்டு வயதில் என் கணவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மகே மஹத்தயா" என்றேன். என் கணவர் என்று சிங்களத்தில் சொல்ல எப்படியோ வாய் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இப்போது ஐயா நோனாவாகிவிட்டார், பெண்ணாகிவிட்டார் என்று பக்கத்தில் நின்ற மற்றவளுக்கும் காட்டினாள். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் கையை வீசி, "யன்ன, யன்ன" என்று என்னைப் போகச் சொன்னாள். பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் எனக்கு மற்றப் பாதி விளங்கியது. அவருடைய அட்டை என்னிடம் இருக்கிறதென்றால், அவரிடம் இருப்பது என்னுடையது. பெண்கள் வரிசையில் இது பகிடி. ஆண்கள் வரிசையில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கொள்ளுப்பிட்டியில் இறங்கினேன். ஒபிஸுக்குப் போகவில்லை. ஒரு கொம்யூனிக்கேஷன் கடைக்குள் நுழைந்து அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். நம்பர் நுனி நாக்கில் இருந்தது, விரல்தான் இரண்டு தடவை பிழைத்தது. முதலாளி எடுத்தார். "இன்னும் வரல்லியே தங்கச்சி, மெஷின்ல புரூஃப் காத்துக் கெடக்கு" என்றார். எட்டரைக்கே மேசையில் இருக்கிற மனிதர் அவர். கடைச் சுவரில் மணி ஒன்பது ஐந்து.

ஒரு த்ரீவீலரை மறித்துக் கொட்டாஞ்சேனை என்றேன். என்னிடமும் என்னுடைய அட்டை இல்லை என்பது கோட்டை தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு இடத்தில் செக்கிங். முதலாவது இடத்தில் நின்ற ஆமிக்காரன் எங்களைப் பார்த்துப் போகச் சொன்னான். இரண்டாவது இடத்தில் சாரதியிடம் மட்டும் ஏதோ கேட்டான். அந்த நேரம் முழுவதும் நான், தமிழ் என்று காட்டிக்கொடுக்கும் நெற்றிப் பொட்டைத் துடைப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துடைத்தால் துடைத்ததைக் கண்டுவிடுவான் என்று கையை மடியிலேயே வைத்திருந்தேன். பயந்தவளுடைய மூளை இப்படித்தான் வேலை செய்யும். அந்தக் கையை நகத்தால் சொறிந்து சொறிந்து இரத்தம் வரப் பண்ணியிருந்தேன், இறங்கிக் காசு கொடுக்கும்போது சாரதிதான் காட்டினான்.

அச்சக வாசலில் முதலாளி செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக நின்றார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட பெரிய உருவம், துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பைண்டிங் வேலை செய்கிற பெண், என் கணவர் கோட்டையில் ஏறிய அதே பஸ்ஸில் வந்திருக்கிறாள். செக்கிங்கில் அவரை மட்டும் ஒதுக்கி, அட்டையை மூன்று பேர் மாறி மாறிப் பார்த்து, ஜீப்பில் ஏற்றியதைக் கண்டிருக்கிறாள்.

"தங்கச்சி, அழ வேணாம்" என்றார் முதலாளி. "அவன்ட ஐசி ஒங்கட கையில இருக்கா? அது போதும். வாங்க."

பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு வாங்கில் உட்கார வைத்தார்கள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. முதலாளி இடையிடையே போய்ப் பேசிவிட்டு வந்தார். உள்ளே எங்கேயோ கதவு அடிபட்டால் நான் எழும்பி நின்றுவிடுவேன். அவரை அடிக்கிறார்களா என்று முதலாளியிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரே. நான் சாமியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சாமித்தட்டை நினைத்தாலே அந்த உறைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இரண்டு மணிக்குப் பிறகு கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் மேசையில் என் அட்டை திறந்து கிடந்தது, இரட்டைப் பின்னலோடு நான். நான் அவருடைய அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டையும் திருப்பித் திருப்பி, பின்பக்கத்தில் பிறந்த இடத்தையும் பார்த்தார். இந்தப் பிழை எப்படி நடந்தது, யார் செய்தது என்று கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டரே சொன்னார், "உன் புருஷன் சொல்கிறான், அவசரத்தில் தட்டிலிருந்து தானே மாறி எடுத்துவிட்டானாம். சரியா?"

முதலாளி என் காலை மெல்ல மிதித்தார். வேறு கதை சொன்னால் இரண்டு வாக்குமூலம், இரண்டு வாக்குமூலம் என்றால் சந்தேகம், சந்தேகம் என்றால் இன்னும் எத்தனை நாளோ. அந்த மிதி அதைத்தான் சொன்னது. "ஓம் சேர், அவர்தான் எடுத்தவர்" என்றேன். எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன்.

மூன்று மணிக்கு அவரை விட்டார்கள். அடிக்கவில்லை என்று பிறகு சொன்னார். நம்பினேன், நம்பாமல் என்ன செய்வது? சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீர் கார்ட் இல்லாமல் என்னெண்டு இவ்வளவு தூரம் வந்தனீர்?" என்பது.

அந்த இடத்தில் நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. அவரைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. ஏசினேன். "கண்ணை எங்க வச்சிருந்தனீங்கள்? ஊரான்ர கல்வெட்டில புள்ளி புள்ளியாப் பிழை பிடிக்கத் தெரியுது, என்ர மூஞ்சி தெரியேல்லையோ?" என்று த்ரீவீலரில் வெள்ளவத்தை வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தேன். காலையிலிருந்து சேர்ந்த பயம் முழுவதும் கோபமாக வந்தது, அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர் வெளியே பார்த்தபடி, "ஓம், என்ர பிழைதான்" என்றார். கேஸ் யோசனையில் நான் செருகியதைக் கவனிக்காமல், தானே எடுத்ததாக நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அவர் களைத்திருக்கிறார், நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். நாளைக்கு முதலாளி நலம் விசாரிக்க வந்துவிட்டார். மூன்றாம் நாள் அது பழைய கதையாகிவிட்டது. பிறகு அது என் கதையாகிவிட்டது. தெஹிவளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், கிருலப்பனையில் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "உங்கட புரூஃப் ரீடர் ஐயா செய்த வேலை தெரியுமோ?" என்று ஆரம்பிப்பேன். பொலிஸ்காரி சிரித்தது வரைக்கும் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் ஓரத்தில் இருந்து சிரிப்பார். சொல்லி முடித்த இரவுகளில் எனக்குத் தடிப்பு எழும்பும்.

அவருக்கு அந்த நாள் முடியவேயில்லை. நடக்கும்போது வலக்கை தானாகப் பொக்கெட்டுக்குப் போகும். பஸ்ஸில் இரண்டு தடவை, இறங்கி மூன்று தடவை. அட்டையைத் திறந்து தன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடுவார். படத்துக்குப் போவதை விட்டார், சொந்தக்காரர் வீட்டுக்கு இருட்டினால் போகமாட்டார். நாற்பத்தைந்து வயதில் பிரஷர் வந்தது, வயிற்றில் புண் வந்தது. நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். என் கையால் வந்த வருத்தத்துக்கு என் கையாலேயே கஞ்சி. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்வேன் என்று நினைப்பேன். இவ்வளவு காலம் ஏசிய வாயால் எப்படிச் சொல்வது என்று அடுப்படியிலேயே நின்றுவிடுவேன். சொன்னால் அவர் என்னைப் பிறகு எப்படிப் பார்ப்பார் என்பதுதான் எனக்குக் கேஸ், ஜீப், செக்கிங் எல்லாம்.

நாட்டில் சண்டை முடிந்து, செக்கிங் எடுபட்டு, அவரும் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு காலை பிரஷர் கிளினிக்குக்குப் போனோம். புதுசாக வந்த இளம் பெண் டாக்டர். மருந்து ஒழுங்காக எடுத்தும் ஏன் இறங்குதில்லை என்று யோசித்துவிட்டு, "ஐயா, மனசில ஏதும் யோசனை இருக்கோ?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார். சொல்லும்போதே கை பொக்கெட்டுக்குப் போனது.

மருந்துக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். எனக்கு இனித் தாங்காது என்று தெரிந்தது. முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி சொன்னேன்.

"அண்டைக்கு நீங்கள் எடுக்கேல்ல. நான்தான் கார்ட்டை மாறி வச்சனான்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீர்தான் வச்சனீர். மேலால ஒரு அடியும் போட்டனீர். அவங்கள் கார்ட்டைத் திறக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது."

"பிறகேன் என்ர பிழை எண்டனீங்கள்? நான் ஊரெல்லாம் சொல்லேக்க ஏன் சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"உம்மட பேரைச் சொன்னா உம்மையும் கொண்டுவந்து இருத்தியிருப்பாங்கள்" என்றார். "பிறகு சொன்னா நீர் அதையே நினைச்சு நினைச்சுப் பயந்து சாவீர். வீட்டில ஒராள் பயந்தாப் போதும் எண்டு விட்டிட்டன்."

இந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஒரே பாயில் படுத்து, ஒரே சோற்றைத் தின்று, இத்தனை வருஷம் ஆளுக்கு ஒரு மூலையில் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். அவர் பங்கு பிரஷர், என் பங்கு தடிப்பு. வாயைத் திறந்திருந்தால் இரண்டிலும் பாதியாவது குறைந்திருக்கும்.

"அப்ப நீர் ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்ல?" என்று இப்போது அவர் கேட்டார்.

"பயம்" என்றேன்.

"ஆருக்கு? பொலிஸுக்கோ?"

"இல்லை. உங்களுக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கோ?" என்றார். காலம் முழுக்கத் தான் மட்டுமே பயந்த ஆள் என்று நினைத்திருந்த மனிதர். அவருடைய முகம் அப்படி உடைந்ததை அந்தப் பொலிஸ் நிலைய வாசலில்கூட நான் காணவில்லை.